மறைந்த வீரரின் குடும்பமும் மருத்துவ உரிமையும்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்திருக்கின்றது. திங்கட்கிழமைதோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மாவட்டத்தின் எல்லா வட்டங்களிலிருந்தும் மக்கள் அங்கு வந்து கூடுவர். அவர்களுள், மஞ்சள் பைக்குள் பழுப்பேறிய இராணுவக் காகிதங்களை வைத்துக்கொண்டு வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியர் சிலரை நாம் அடிக்கடி காண்கின்றோம். சென்ற ஆண்டு அவ்வாறு வந்த ஓர் அம்மையார், உதவித்தொகை வேண்டி மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் சிப்பாயாகப் பணியாற்றி, 1991-இல் ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிச் சில ஆண்டுகளுக்கு முன் காலமானவர். வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மையார், கறவை மாடுகள் இரண்டையும் விற்று, அரை ஏக்கர் நிலத்தைப் போக்கியத்திற்கு வைத்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாராம்.

மிலிட்டரி மருத்துவ அட்டை இல்லையா என்று வினவினோம். “அவர் இருக்கும்போதே அட்டை போடவில்லை ஐயா, அவரே போன பிறகு எனக்கு யார் கொடுப்பார்கள்?” என்றார்.

உண்மை யாதெனில், அவருக்கு அவ்வுரிமை அன்றும் இருந்தது. அதற்காக ஒரு காசும் கட்டவேண்டியிருக்கவில்லை. விண்ணப்பிக்காமையே குறை. இவரைப் போன்றோர் நம் ஊராட்சிகளில் இன்னும் இருக்கின்றனர் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

பழைய வட ஆர்க்காட்டுப் பகுதி நெடுங்காலமாகப் படைக்கு ஆள் அனுப்பி வந்த சீமை. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் படைவீரர் ஊர் என்றே அழைப்பர். 1989-இல் தனி மாவட்டமான திருவண்ணாமலையிலும் படைவீரர் குடும்பங்கள் பல உள்ளன.

முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், சுருக்கமாக இ.சி.எச்.எஸ்., 2003 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்குப் பின் ஓய்வு பெற்றோர் கட்டாயமாக அதில் சேர்க்கப்பட்டனர். அதற்கு முன் ஓய்வு பெற்றோருக்கோ அது விருப்பத்தைப் பொறுத்தது. ஆதலின் பழைய வீரர் பலர் சேராமலே விட்டுவிட்டனர். கணவர் சேராமல் இறந்திருப்பினும், குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவி தம் பெயரில் இன்றும் சேரலாம். கணவர் உறுப்பினராய் இருந்து இறந்தாரெனில், இறப்புச் சான்றும் குடும்ப ஓய்வூதிய ஆணையும் காட்டி அட்டையைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். சந்தா மறுமுறை கட்டவேண்டியதில்லை.

இவ்வுரிமைக்கு அடிப்படை ஓய்வூதியமே. எத்தனை ஆண்டு சேவை செய்தார் என்பது அடுத்த கேள்விதான். உடல் ஊனமுற்று, முழுச் சேவைக் காலம் முடிவதற்கு முன்னரே மருத்துவக் குழுவின் முடிவால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட வீரர், ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெறுவாராயின் அவருக்கும் தகுதி உண்டு. “பாதியில் வந்தவர்தாமே” என்று ஊரார் சொல்வதைக் கேட்டு ஒதுங்கிவிடுதல் கூடாது. பணியில் இருக்கும்போதே வீரர் உயிர் துறந்தால், குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவிக்கும் அவ்வாறே.

சந்தா வாழ்நாளில் ஒரே முறை கட்டுவது. 29-12-2017 முதல் சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலான தரத்திற்கு ரூ.30,000, ஜே.சி.ஓ. தரத்திற்கு ரூ.67,000, அதிகாரிகளுக்கு ரூ.1,20,000. போரில் கணவரை இழந்த கைம்பெண்களும், 1-1-1996-க்கு முன் ஓய்வு பெற்றோரும், அன்னாரின் குடும்ப ஓய்வூதியதாரரும் இதைக் கட்டவேண்டியதில்லை. மேற்சொன்ன அம்மையார் இந்த வகையினர்.

ஒரு தடை மட்டும் உண்டு. ஓய்வூதியத்துடன் மாதம் ரூ.1,000 நிலையான மருத்துவப்படி பெறுவோர், திட்டத்தில் சேரும்போது அதை விட்டுவிடவேண்டும். கைக்கு வரும் ஆயிரத்தை விட மனமில்லாமல் சிலர் தயங்குகின்றனர். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் எங்கே, ஓர் அறுவைச் சிகிச்சையின் செலவு எங்கே? வீட்டிலுள்ளோர் கணக்கிட்டுப் பார்த்தால் தயக்கம் தீரும் என்றே நாம் கருதுகின்றோம்.

குடும்பத்தில் யார் யாருக்கு இவ்வசதி கிட்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. மகனுக்கு 25 வயது வரை. அதற்குள் மணம் செய்துகொண்டாலோ சம்பாதிக்கத் தொடங்கினாலோ அன்றே முடிந்துவிடும். மகளுக்கு மணமாகும் வரை அல்லது வேலை பெறும் வரை. கணவனை இழந்தோ மணமுறிவு பெற்றோ தாய்வீடு திரும்பிச் சார்ந்து வாழும் மகளும் மீண்டும் தகுதி பெறுவாள். சார்ந்து வாழும் பெற்றோரையும் சேர்க்கலாம். இவ்வாறு சார்ந்து வாழ்வோரின் மாத வருமானம் ரூ.9,000-மும் அதற்குரிய அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். நிரந்தர ஊனமுற்று, பெற்றோரையே சார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை. அத்தகைய பிள்ளை உள்ள வீட்டில், தாய் தந்தை உயிரோடிருக்கும்போதே அப்பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையிலும் பதிவு செய்துவிடுதல் மிகமிக முக்கியம். இருவரும் மறைந்தபின் அண்ணன் தம்பியர் அலைந்து அதைப் பெறுவது எளிதன்று.

நமது பகுதியில் பெரும்பாலான மனுக்கள் தங்கிவிடுவதற்குக் காரணம் பெயர்தான். உண்ணாமுலை அம்மன் அருள்பாலிக்கும் இவ்வூரில் அப்பெயர் தாங்கிய பெண்கள் ஏராளம். ஆதாரில் உண்ணாமலை, ஓய்வூதிய ஆணையில் உண்ணாமுலை, வங்கிப் புத்தகத்தில் உண்ணாமலையம்மாள் என்றிருந்தால், கணினிக்கு அவர்கள் மூவர்! பிறந்த தேதியும் இவ்வாறே மாறி நிற்கும். இதைத் திருத்தவேண்டிய இடம் வீரர் பணியாற்றிய படைப்பிரிவின் ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர், பீரங்கிப் படைக்கு நாசிக். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வாயிலாகவே எழுதலாம், நேரில் போகவேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் தொலைத்துவிடலாகாது. படை எண் அதில்தான் இருக்கின்றது. அதைக் கரையான் தின்ற வீடுகளையும் பார்த்திருக்கின்றோம்.

அட்டை பெற்றபின் முதலில் தாம் இணைக்கப்பட்ட பாலிகிளினிக்கிற்குச் செல்லவேண்டும். அங்குள்ள மருத்துவர் பரிந்துரைத்தால், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். உயிருக்கு ஆபத்தான வேளையில் எந்த மருத்துவமனைக்கும் போகலாம். அது திட்டத்தில் சேராததாயின், இரண்டு நாட்களுக்குள் பாலிகிளினிக்கிற்குத் தகவல் தெரிவித்து, பின்னர் அரசு நிர்ணயித்த விகிதத்தில் செலவைத் திரும்பப் பெறலாம்.

ஓய்வூதியமே இல்லாத முன்னாள் வீரர் குடும்பங்களும் உண்டு. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்கு உட்பட்டோர், குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை உதவும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அன்றியும், ஓய்வூதியம் பெறாத ஹவில்தார் தரம் வரையிலான வீரருக்கும் அவர்தம் கைம்பெண்ணுக்கும் மத்திய சைனிக் வாரியம் மருத்துவ உதவித்தொகை வழங்குகின்றது. இம்மனுவும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியே செல்லும்.

ஊராட்சிப் பணியிலுள்ளோர் அடுத்த கிராம சபைக்கு முன் ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம்: ஊரில் படைவீரர் வீடுகள் எவை, அவற்றுள் கைம்பெண் யார், ஊனமுற்ற வீரரோ பிள்ளையோ உண்டா, அட்டை இருக்கின்றதா என்று. ஒரு மாலைப்பொழுதின் வேலைதான்.

அம்மையாருக்கு அட்டை நான்கு மாதத்தில் வந்துவிட்டது. சேர்வதற்கு முன் செய்த செலவைத் திட்டம் தருவதில்லையாதலால், மாடுகளின் விலையும் போக்கியப் பணமும் அவருக்குத் திரும்பவில்லை.