அக்காளுக்கும் பத்து வயதுதான்

பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் அப்பாவும் அம்மாவும் விடியுமுன் செம்பனைக் காட்டுக்குப் போய்விட்டால், உடற்குறையுள்ள தம்பி அக்காள் பொறுப்பு. சில ஏற்பாடுகள் செய்தால் அவள் படிப்பு கெடாது.

தம்பிக்கு உடற்குறையுள்ளோருக்கான ஓ.கே.யூ. கார்டு எடுத்துவிடுங்கள். மருத்துவர் உறுதிசெய்த படிவத்தோடு ஜெம்போல் மாவட்டச் சமூக நல இலாகாவில் பதியலாம், கட்டணமில்லை. அங்கேயே பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு மையத்தைப் பற்றியும் விசாரியுங்கள். 1984-இல் திரங்கானு, பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. தம்பிக்கு அதில் இடம் கிடைத்தால் அவள் பள்ளிக்கு மட்டம் போட வேண்டாம்.

தம்பிக்கு என்ன என்பதை அவளிடம் மறைக்காதீர்கள். வலிப்பு வருமென்றால் பழக்கிவிடுங்கள்: ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமலிருப்பது, மணி பார்ப்பது, பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவது. ஐந்து நிமிடம் தாண்டினால் 999. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது. பாட்டி கோபித்தாலும் பரவாயில்லை.

"எங்களுக்குப் பிறகு நீதான்" என்று இப்போதே சொல்லாதீர்கள், அதற்கு இன்னும் காலமிருக்கிறது. ஞாயிறு மாலை பந்து விளையாட அவளை அனுப்புங்கள், தம்பியில்லாமல்.