கேட்டுக்குக் கிரீஸ் தடவலாமா?

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் சமணர் மலை என்று ஒரு பாறைமலை இருக்கிறது. அதன் அடிவாரத்து ஊர்தான் கீழக்குயில்குடி. தாமரைக்குளமும், அதன் கரையில் அய்யனார் கோயிலும், மலைமேல் ஏறப் பாறையிலேயே வெட்டிய படிகளும் அங்கு உண்டு. மேலே தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக வெயிலும் மழையும் பட்டும் அவற்றின் முகங்கள் இன்னும் தெரிகின்றன. அவ்வளவு கெட்டியான கல் அது. அந்தக் கெட்டித்தனம் நமக்கு எப்படித் தொல்லையாகவும் முடியும் என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

அந்த ஊரில் என் உறவினர் வீட்டில் ஒரு தள்ளு கேட் இருக்கிறது. தரையில் ஆங்கிள் இரும்பைக் கவிழ்த்துப் பதித்து, அதன் முதுகின்மேல் பள்ளம் உள்ள இரண்டு சக்கரங்கள் ஓடும்படி செய்த கேட். அது முனகுகிறது என்று சொன்னார்கள். நான் சற்றும் யோசிக்காமல் ஒரு டப்பா கிரீஸை வாங்கித் தண்டவாளம் முழுவதும் பூசிவிட்டு வந்தேன். கேட் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆடிக் காற்று வந்து போனபிறகு மறுபடி போனபோது, இரண்டு பேர் சேர்ந்து தள்ளினால்தான் அது நகர்ந்தது. தண்டவாளத்தின்மேல் கறுப்பாகக் களிபோல ஏதோ படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் பார்த்தால், அடியில் இரும்பு தேய்ந்து பளபளவென்று கோடு விழுந்திருந்தது.

கிரீஸ் தடவியும் ஏன் தேய்ந்தது? கிரீஸ் தடவியதால்தான் தேய்ந்தது.

முதலில் எண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். எவ்வளவு வழவழப்பான இரும்பும் நுண்ணோக்கிக்கு மேடும் பள்ளமுமாகத்தான் தெரியும். இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும்போது மேடுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அதுவே உராய்வு. நடுவில் எண்ணெய் புகுந்தால் மேடுகள் தொட்டுக்கொள்வதில்லை. இந்த எண்ணெய்ப் படலம் எவ்வளவு வலிமையானது என்பது 1883-ஆம் ஆண்டில் தற்செயலாகத் தெரியவந்தது. இங்கிலாந்தில் பூசாம்ப் டவர் என்ற பொறியாளர் இரயில் வண்டி அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். பேரிங்கின் உச்சியில் அவர் போட்ட துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மரமுளை அடித்தார், அதுவும் வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் காட்டிற்று! சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்து, குறுகிய இடைவெளிக்குள் திணித்து, அந்த அழுத்தத்தின்மேல் சுமையைத் தாங்குகிறது என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார்.

ஆனால் இந்த வித்தைக்கு வேகம் வேண்டும். நிற்காத சுழற்சியும் வேண்டும். வீட்டு கேட் ஒரு நாளில் நாலைந்து முறை, அதுவும் ஆமை வேகத்தில் போய்த் திரும்புகிறது. அங்கே டவர் கண்ட படலம் உருவாவதே இல்லை. அதோடு, சக்கரம் தண்டவாளத்தின்மேல் சறுக்கவில்லை, உருளுகிறது. இப்படி உருளும் இடத்தில் எண்ணெய்க்குப் பெரிய வேலை கிடையாது. சறுக்கல் நடப்பது சக்கரத்தின் நடுவே, அச்சும் பேரிங்கும் சேரும் இடத்தில். கிரீஸ் அங்கே போகவேண்டும். நான் பூசியது வெளியே!

வெளியே பூசிய கிரீஸ் என்ன செய்தது? தூசியைப் பிடித்து வைத்தது. மதுரை வட்டாரத்துப் பாறைகளில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைய உண்டு. மண்ணிலும் அவற்றின் துகள்களே மிகுதி. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6. சாதாரண இரும்போ 4-க்கும் 5-க்கும் நடுவில். கடினமானது மென்மையானதைக் கீறும் என்பது விதி. கிரீஸில் சிக்கிய மணல் காற்றில் பறந்தும் போகாது, மழையில் கழுவியும் போகாது. சக்கரம் போகும்போதும் வரும்போதும் இரும்பைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். மெக்கானிக் கடைகளில் என்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்துவதற்கென்றே கிரீஸில் கடினமான பொடியைக் குழைத்த ஒரு பசை விற்கிறது. பணம் கொடுத்து வாங்கவேண்டிய அந்தப் பசையை நான் கேட்டிலேயே தயாரித்துவிட்டேன்.

'மாட்டுவண்டிக்கு மை போட்டார்களே, அது மண் ரோட்டில்தானே ஓடிற்று?' என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த அந்த மை, அச்சு நுழையும் குடத்துக்குள்ளே இருந்தது. சக்கரத்தின் வட்டையில் அல்ல. விளக்கெண்ணெய் மிகவும் பிசுபிசுப்பானது, உலோகத்தை நன்றாகப் பற்றிக்கொள்வது. முதல் உலகப்போர்க் கால விமான என்ஜின்களுக்கும் அதையே ஊற்றினார்கள். வண்டிக்காரர் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை இழுத்து, பழைய மையை வழித்துவிட்டுப் புதிது போடுவார். வழித்துவிட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள்.

சரி, உண்மையாகவே சறுக்கும் பொருள்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன செய்வது? மேசை இழுப்பறைக்கு மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். வெட்டவெளியில் இருக்கும் இரும்புச் சட்டங்களுக்குக் கிராஃபைட் போன்ற உலர்ந்த மசகுகள் ஏற்றவை. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஈரப் பசை இல்லாததால் தூசி அவ்வளவாக ஒட்டுவதில்லை.

சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் கேரவன் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். சில கேரவன்களில் வண்டி நின்றபிறகு பக்கச் சுவரே ஓர் அறையாக வெளியே நீளும். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளில் இது சர்வ சாதாரணம். பெரும்பாலும் மின்மோட்டார் ஒரு பற்சக்கரத்தைச் சுற்ற, அது பற்கள் வெட்டிய சட்டத்தைத் தள்ளும். நம் கேட்டின் நோய் அதற்கும் வரும், செலவுதான் அதிகம். சட்டத்தில் மண் சேர்ந்தால் மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும், ஃபியூஸ் போகும். வைத்தியமும் அதேதான்: துடை, உலர விடு, பிறகு உலர்ந்த மசகைத் தெளி. அறையைச் சுற்றி மழை புகாமல் தடுக்கும் ரப்பர் விளிம்பில் மட்டும் கண்ட எண்ணெயையும் தடவக்கூடாது. காரணம் தெரியவேண்டுமானால், ஒரே மாதிரி இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றைத் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து மற்றதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊறியது பருத்து, வலுவிழந்திருக்கும். ரப்பருக்கு ஏற்றது சிலிக்கோன்.

ஓர் எச்சரிக்கை. இறுகிப்போன தள்ளு கேட்டை மூச்சைப் பிடித்துத் தள்ளாதீர்கள். சக்கரம் தடத்தை விட்டு இறங்கினால் முழு கேட்டும் சாயும். அடியில் அகப்பட்டுக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தடத்தின் இரு முனையிலும் தடுப்புக்கட்டை இருக்கிறதா, மேலே கேட்டைச் சாயாமல் பிடிக்கும் வழிகாட்டி உறுதியாக இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளி கேட்டாக இருந்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கேட்டை யாரும் நகர்த்தாதபோது, தண்டவாளத்தில் இருக்கும் அழுக்கைக் குச்சியால் கொஞ்சம் வழித்து, சோப்புத்தண்ணீரில் பலமுறை கழுவிக் காயவைத்துத் தாளில் பரப்புங்கள். தாளின் அடியில் ஒரு காந்தத்தை நகர்த்துங்கள். காந்தத்தோடு ஓடுகிறவை தேய்ந்த இரும்புத் துகள்கள். அசையாமல் கிடப்பவை மணல். ஆனால் மண்ணிலேயே மாக்னடைட் என்னும் கருமணல் கலந்திருக்கலாம், அதுவும் காந்தத்தோடு ஓடும். ஆகவே கேட்டிலிருந்து பத்தடி தள்ளி எடுத்த மண்ணையும் அதே அளவு இன்னொரு தாளில் பரப்பிப் பாருங்கள். இரண்டு தாளிலும் ஓடும் துகள்களின் அளவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உங்கள் கேட் இழந்த இரும்பில் ஒரு பங்கு. என் உறவினர் வீட்டுத் தாளில் அது ஒரு விரல்நுனி அளவு இருந்தது.