பாளையத்தில் ஒரு குடும்பம்: படைவீரர் இல்லங்களின் தேவைகளும் துணைகளும்

முன்னுரை

படை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன எல்லைக்காவலும் அணிவகுப்பும் துப்பாக்கியுமே. அந்தத் துப்பாக்கியைத் தாங்கி நிற்பவனுக்கும் ஒரு வீடு உண்டு. அவ்வீட்டிலும் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், பள்ளிக்கட்டணம் கட்டும் நாள் வரும் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். படைவீரனின் கடமையைப் பற்றி எழுதியோர் பலர். அவன் கடமையாற்றுங்கால் அவன் குடும்பம் எவ்வாறு வாழ்கிறது, அதற்கு எத்தகைய துணைகள் உள்ளன, அத்துணைகள் எங்கே நின்றுவிடுகின்றன என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தரைப்படையையும், அதிலும் சிப்பாய் முதல் சுபேதார் வரையிலான வீரர்களின் குடும்பங்களையுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

பாசறையும் பாளையமும்

போருக்குச் சென்றவனின் இல்லத்தைத் தமிழிலக்கியம் மறந்ததில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டு 103 அடிகளே கொண்டது. அதற்குள் நப்பூதனார் ஒருபுறம் வேந்தனின் பாசறையையும், மறுபுறம் அவன் வரவை எண்ணி ஆற்றியிருக்கும் தலைவியையும் காட்டுகிறார். பாசறையில் மனைவியோடு உடனுறைதல் மரபன்று என்று தொல்காப்பியம் கற்பியலில் விதிக்கிறது. களம் வேறு, மனை வேறு என்பதே பழந்தமிழர் வகுத்த எல்லை.

இன்றைய படையமைப்பு இவ்வெல்லையைப் பாதி வைத்துக்கொண்டு பாதியை மாற்றியிருக்கிறது. காலாட்படைப் பிரிவு ஒன்று சில ஆண்டுகள் காசுமீரத்திலோ வடகிழக்கிலோ களப்பகுதியில் இருக்கும். பின்னர்ச் சில ஆண்டுகள் உள்நாட்டுப் பாளையம் ஒன்றில் இருக்கும். முன்னதைப் ‘பீல்டு’ என்றும் பின்னதைப் ‘பீஸ்’ என்றும் பட்டாளத்துக் குடும்பங்கள் வழங்கும். பீல்டில் தொல்காப்பியர் விதியே இன்றும் நடைமுறை. மனைவி மக்களுக்கு அங்கே இடமில்லை. பீஸில் மட்டுமே குடும்பம் ஒன்றுசேர்ந்து வாழும். தமிழகத்தில் இத்தகைய பாளையம் என்றதும் பரங்கிமலையும் வெலிங்டனும் நினைவுக்கு வரும். குன்னூரை அடுத்த வெலிங்டனில், 1758ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்கும் மதராசு ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் ஆவணக்காப்பு அலுவலகமும் உள்ளன. அந்த ரெஜிமெண்டில் சேரும் ஒவ்வொரு வீரனின் குடும்பமும் நேரில் சென்றிராவிட்டாலும் தாளளவில் வெலிங்டனோடு பிணைந்ததே.

குடியிருப்பு

பாளையக் குடும்பத்தின் முதற்கவலை வீடு. மணமான வீரர் அனைவருக்கும் போதுமான குவார்ட்டர்ஸ் எந்தப் பாளையத்திலும் இருந்ததில்லை. பெயர் பதிந்து, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இக்குறையைப் போக்க, முப்படைகளுக்குமாக ஏறத்தாழ 2 இலட்சம் வீடுகள் கட்டும் பெருந்திட்டம் ஒன்றை மைய அரசு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்டது. நிலைமை முன்னைவிட மேம்பட்டிருப்பினும் காத்திருப்பு முற்றும் ஒழிந்துவிடவில்லை.

காத்திருந்து பெற்ற வீடும் நிலையானதன்று. பிரிவு பீல்டுக்குப் புறப்பட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அப்போது குடும்பத்தின் முன் இரண்டு வழிகள் உள்ளன: ஒன்று, பிரிந்து வாழும் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் இடம் கேட்டுப் பெறுவது, மற்றொன்று, பெட்டி படுக்கையுடன் சொந்த ஊர் திரும்புவது. முதல்வழியில் பள்ளியும் மருத்துவமனையும் அருகிலிருக்கும், உற்றார் இருக்கமாட்டார்கள். இரண்டாம் வழியில் உற்றார் இருப்பார்கள், மற்றவை தொலைவாகிவிடும்.

கல்வி

மூன்றாண்டுக்கு ஓர் ஊர் என்றால் குழந்தையின் படிப்பு என்னாவது? இவ்வினாவிற்கு விடையாக எழுந்தவையே கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள். இடம் மாறும் மைய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கான திட்டம் 1962இல் ஏற்கப்பட்டது. 1963-64ஆம் கல்வியாண்டில் படைவீரர் மிகுந்த இடங்களில் இருந்த 20 ரெஜிமெண்டுப் பள்ளிகளை ஏற்று அது தொடங்கப்பட்டது. இன்று எல்லாத் தரப்பினரும் விரும்பும் அப்பள்ளிகளின் வேர் பட்டாளத்துப் பள்ளிகளில் உள்ளது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1983இல் தோன்றிய இராணுவ நலக் கல்விக் கழகம் ஆர்மி பப்ளிக் பள்ளிகளை நடத்துகிறது.

நாடெங்கும் ஒரே பாடத்திட்டம் என்பதால் ஆண்டின் நடுவே ஊர் மாறினும் படிப்பு அறுந்துபோவதில்லை. தந்தை பீல்டுக்குச் செல்ல, குடும்பம் வேறோர் ஊரில் தங்க நேர்ந்தாலும் அவ்வூர்க் கேந்திரிய வித்யாலயத்தில் சேர விதி இடமளிக்கிறது. ஆயினும் ஓர் இழப்பு உண்டு. சபல்பூரிலும் பதான்கோட்டிலும் வளரும் தமிழ்க்குழந்தை இந்தியில் சரளமாகப் பேசும். தமிழ் எழுத்தோ கைகூடாமல் போகும். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பாட்டியோடு பேசும், ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கத் திணறும். இதை ஈடுசெய்வது வீட்டில் தாய் எடுக்கும் முயற்சி ஒன்றே.

மருத்துவமும் கேன்டீனும்

படைவீரனின் மனைவி மக்களுக்கும், அவனைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் இராணுவ மருத்துவமனையில் இலவச மருத்துவம் உண்டு. ஓய்வு பெற்றோர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் 2003ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கிய பங்களிப்பு மருத்துவத் திட்டம் துணையாகிறது. பாளையத்துக்குள் வாழ்வோர்க்கு இவை கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. மலைச்சிற்றூரில் வாழும் வீரனின் தாய்க்கோ, இலவசம் என்பது இரண்டு பேருந்து மாறிச் செல்ல வேண்டிய இலவசமாகவே இருக்கிறது.

1948இல் அமைக்கப்பட்ட கேன்டீன் பண்டகத் துறை மளிகை முதல் மின்விசிறி வரை வெளிச்சந்தையினும் குறைந்த விலைக்குக் கிடைக்கச் செய்கிறது. பொருள்களை வாங்க அட்டை உண்டு. மாத அளவும் உண்டு. இங்கும் ஒரு சிறு தொல்லை இருக்கிறது. அட்டை உள்ள வீடு எது என்பதை ஊர் நன்கறியும். “எனக்கொரு குக்கர் வாங்கித் தாயேன்” என்று தொடங்கும் வேண்டுகோள் மதுப்புட்டி வரை செல்லும். மறுத்தால் மனத்தாங்கல், இணங்கினால் விதிமீறல். கணவன் அருகில் இல்லாத பெண் இந்நெருக்கடியைத் தனியே சமாளிக்க வேண்டியிருக்கிறது.

மகளிர் நலச்சங்கம்

இராணுவ மனைவியர் நலச்சங்கம் 1966இல் பதிவு செய்யப்பட்டது. தையல், கணினி முதலிய தொழிற்பயிற்சிகள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான ஆஷா பள்ளிகள், கணவனை இழந்தோர்க்கு ஆதரவு என அதன் பணி விரிந்தது. மொழி தெரியாத ஊரில் புதுமணப்பெண் ஒருத்தி வந்திறங்கும்போது, ரேஷன் எங்கே, பள்ளி எங்கே, மருத்துவமனை வரிசை எங்கே என்று காட்டித்தருபவர்கள் பெரும்பாலும் அண்டைவீட்டுப் படைவீரரின் மனைவியரே. மலையாளியும் கன்னடப்பெண்ணும் தெலுங்குப்பெண்ணும் தமிழச்சியும் அரைகுறை இந்தியில் பேசி உறவாகிவிடும் காட்சியைப் பாளையத்தில் நாளும் காணலாம்.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆய்வாகாது. இச்சங்கத்தின் தலைமை கணவர் பதவியின் வரிசையையே பின்பற்றுகிறது. படைத்தலைவரின் மனைவியே அனைத்திந்தியத் தலைவி. அதிகாரியின் மனைவி மேடையிலும் சிப்பாயின் மனைவி எதிர்வரிசையிலும் அமரும்போது, பின்னவள் தன் குறையை எழுந்து சொல்வாளா? பெண்ணின் சொல்லுக்குரிய மதிப்பு கணவன் தோளிலுள்ள பட்டையைக் கொண்டு அளக்கப்படுமானால், உதவி இருந்தும் கேட்க வாய் வராது.

தாளில் ஒரு பெயர்

இதுவரை கண்ட உதவிகள் அனைத்திற்கும் ஒரே வாயில்தான் உண்டு. அவ்வாயில் வீரனின் பணிப்பதிவேடு. அவனுக்குத் திருமணம் நடந்தால், குழந்தை பிறந்தால், அச்செய்தி ‘பார்ட் டூ ஆர்டர்’ என்னும் ஆணையில் வெளியிடப்பெற்று ஆவணக்காப்பு அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பதிவானால்தான் அவள் மனைவி, அது மகவு. ஊரறிய மணம் நடந்திருந்தாலும், பதிவேடு அறியாவிட்டால் கேன்டீன் அட்டையும் மருத்துவ அட்டையும் கிடைப்பதில்லை. நாளை ஓய்வூதியம் என்று வரும்போதும் தடைதான்.

தமிழ்க்குடும்பங்களுக்கு இதில் தனியானதொரு சிக்கல் உண்டு. திருமணத்துக்கு முன் பெண்ணின் முதலெழுத்து தந்தையின் பெயரிலிருந்து வருகிறது. பின்னர்க் கணவன் பெயருக்கு மாறுகிறது. வடநாட்டுப் படிவத்திலோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதலாம். பள்ளிச்சான்றில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, பணிப்பதிவேட்டில் மற்றொன்று என்றிருந்தால், ஒருத்தியே நான்கு பெண்களாகிவிடுகிறாள். கணவன் உயிரோடிருக்கையில் ஒரு விண்ணப்பத்தால் தீரக்கூடிய இப்பிழை, அவன் மறைந்தபின் பல மாத அலைச்சலாகிவிடும். பாதுகாப்புத் துறை ஓய்வூதியங்கள் ‘ஸ்பர்ஷ்’ என்னும் கணினி முறைக்கு மாறியுள்ள இக்காலத்தில் எழுத்துப்பிழை முன்னினும் கடுமையான தடையாகிறது. எழுத்தர் கண்டும் விட்டுவிடலாம், கணினி விடாது.

2022இல் தொடங்கப்பட்ட அக்னிபாதைத் திட்டத்தில் சேரும் இளைஞர்க்குப் பணி நான்காண்டு. அதன்பின் நூற்றுக்கு 25 பேர் வரையே நிலைப்படுத்தப்படுவர், ஏனையோர்க்கு ஓய்வூதியமில்லை. பணிக்காலத்தில் 48 இலட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. அக்காப்பீட்டில் யாருடைய பெயர், எந்த எழுத்தில் உள்ளது என்று அந்த வீட்டார் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

சட்டம் தரும் காப்பு

ஊரிலுள்ள மனைவிக்கு வரும் இன்னல்கள் இருவகைப்படும்: பணம் வராமை, நிலத்தகராறு. முதலாவதற்கு 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டமே வழி காட்டுகிறது. மனைவி மக்களைக் காப்பாற்றத் தவறும் படைவீரனின் சம்பளத்தில் பிடித்து அவர்களுக்கு வழங்க அச்சட்டத்தின் 90, 91ஆம் பிரிவுகள் இடந்தருகின்றன. பிரிவின் தலைமை அதிகாரிக்கு அவள் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாவதற்கு, இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் 1925 உள்ளது. எல்லையில் நிற்பவன் மீது ஊரில் பங்காளி வரப்பு வழக்குத் தொடுத்தால், அவன் வர இயலாமை உரிய முறையில் சான்றளிக்கப்படுமாயின் நீதிமன்றம் வழக்கை நிறுத்திவைக்க அச்சட்டம் வழிசெய்கிறது. அவன் இல்லாதபோது வழங்கப்பட்ட தீர்ப்பை நீக்கவும் அதில் இடமுண்டு. ஏறத்தாழ நூறாண்டுப் பழைய சட்டம் இது. எத்தனை வீடுகள் இதை அறியும்?

விதிகள் மாறக்கூடியவை என்பதற்கும் ஒரு சான்று காட்டலாம். வீரவிருது பெற்றவனின் மனைவி மறுமணம் செய்துகொண்டால், மறைந்த கணவனின் உடன்பிறந்தானையே மணந்திருந்தாலன்றி விருதுத்தொகை நின்றுவிடும் என்றொரு நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. 2017இல் அது நீக்கப்பட்டது. அவள் யாரை மணப்பது என்பது அவள் விருப்பம் என அரசு ஏற்றுக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

நாம் செய்யத்தக்கது

பாளையத்துக்குள் இருப்பவளுக்கு அண்டைவீடு உண்டு, அலுவலகம் உண்டு. ஊரில் இருப்பவளுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமே வாயில். பெயரில் ‘முன்னாள்’ என்றிருப்பதால் பணியிலிருப்போர் குடும்பத்துக்கும் அது உதவும் என்பதைப் பலர் அறியார். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இவ்விரு சாரார்க்கும் சிறப்புக் குறைதீர் கூட்டங்கள் நடத்தப்படுகின்றன.

ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள், 1949 முதல், கொடிநாள் கொண்டாடுகிறோம். சட்டையில் கொடி குத்தி உண்டியலில் காசிடுவதோடு நம் கடன் தீர்ந்ததென எண்ணுகிறோம். நம் கல்லூரியில் தேசிய மாணவர் படை உண்டு. நாட்டு நலப்பணித் திட்டம் உண்டு. முகாம் நடத்தும் சிற்றூரில் படைவீரர் வீடுகள் எவை என்று கேட்டறிந்து, அவ்வீட்டுப் பெண்களோடு அமர்ந்து நான்கு தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு பிற்பகல் வேலை: ஆதார், வங்கிப் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்று, கணவனின் பதிவேட்டிலுள்ள பெயர். வேறுபாடு கண்டால், கணவன் அடுத்த லீவில் வரும்போது திருத்திக்கொள்ளச் சொல்லலாம். சிப்பாய்க்கு ஆண்டுக்கு 60 நாள் லீவும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அந்த நாள்களுள் ஒன்றை இதற்கென ஒதுக்கினால் போதும்.

முடிவுரை

வீடு, பள்ளி, மருத்துவம், கேன்டீன், சங்கம், சட்டம் என உதவிகள் பலவாக விரிந்திருப்பதைக் கண்டோம். அவை யாவும் கணவனின் பெயர் வழியாகவே மனைவியை அடைகின்றன என்பதையும் கண்டோம். அவன் தொலைவில் இருக்கும் நாள்களே அவளுக்கு உதவி மிகத் தேவைப்படும் நாள்கள். ஆகவே அவ்வுதவிகளைப் பற்றிய அறிவு அவன் பெட்டியில் பூட்டிக்கிடக்கலாகாது. அவள் கையில் இருக்க வேண்டும். முல்லைப்பாட்டின் தலைவிக்கு ஆற்றியிருத்தலே கடமையாயிற்று. இன்றைய படைவீரனின் மனைவி ஆற்றியிருத்தலோடு, கேட்கவும் படிக்கவும் எழுதவும் கையொப்பமிடவும் வேண்டியவள். அதற்குத் துணைநிற்பது படித்த நம் கடன்.