திருப்புகழ் கேட்டா ஏன் கண் கலங்குது?



ஹெட்போனில் திருப்புகழ் கேட்கும்போது, அர்த்தம் முழுசா புரியாமலே கண்ணீர் வருவது ஏன்? இன்றைய பாடம் இதுதான்.

ஆரணி நம்ம திருவண்ணாமலை மாவட்டம். 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் பாடத் தொடங்கியதும் அதே அண்ணாமலையில்தான். நமக்குக் கிடைத்திருப்பது சுமார் 1,300 பாடல்கள். பலவற்றின் அமைப்பு ஒன்றுதான். முதலில் மனுஷ வாழ்க்கை: ஆசை, நோய், முதுமை, சுற்றி நின்று அழும் சொந்தங்கள், பாசக் கயிற்றோடு எமன். நடுவில் ஒரு வேண்டுதல்: "அந்த நேரத்தில் நீ மயிலேறி வரணும்." பிறகு முழுக்க முருகன் புகழ்.

தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். சந்தம்தான் பாவு, பொருள்தான் ஊடை. சந்தம் துள்ளி ஓடும். பொருளோ நெஞ்சைப் பிழியும். ரெண்டும் சேரும் இடத்தில்தான் நாம உடைஞ்சு போறோம். அதையே தாளம் இல்லாமல், முகாரியிலோ சுபபந்துவராளியிலோ விருத்தமாக நிறுத்திப் பாடினால், ஒவ்வொரு சொல்லும் தனித்தனியா வந்து தைக்கும்.

சரி, அழுதாதான் பக்தியா? இல்லை. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகளைப் பாருங்க. பூர்வாசிரமப் பெயர் அர்த்தநாரி, மைசூர் அரண்மனையில் சமையல் வேலை. தீராத வயிற்று வலியோடு பழநிக்கு வந்தவர், அங்கே திருப்புகழ் கேட்டு உருகினார். பெரிய படிப்பு கிடையாது. ஆனாலும் உருகியதோடு நிற்காமல், ஒவ்வொரு பாட்டாகக் கற்றார். சேஷாத்ரி சுவாமிகள் சொன்னபடி வள்ளிமலைக்குப் போய்த் தங்கி, ஊர் ஊராகத் திருப்புகழைப் பரப்பினார். டிசம்பர் 31 அன்று திருத்தணியின் 365 படிகளிலும் படிக்கொரு பாட்டாகப் பாடும் திருப்படித் திருவிழா அவர் தொடங்கியதுதான்.

கண்ணீர் ஒரு வாசல், அவ்வளவுதான். உள்ளே நடந்து போகணும்.

இன்னொன்னும் கவனிங்க. மனசு கனமா இருக்கும்போது சோகப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டால், அந்தச் சோகத்திலேயே சுத்திக்கிட்டு இருப்போம். திருப்புகழ் நம்மை அங்கே விட்டுட்டுப் போகாது. மரண பயத்தில் ஆரம்பித்தாலும், கடைசி வரியில் முருகன் முன்னாடி கொண்டுபோய் நிறுத்திவிடும். வீட்டில் ஒருத்தரை இழந்தவங்களுக்கு இந்தக் கடைசி அடி எவ்வளவு பெரிய துணை என்று, பாடிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வாரப் பயிற்சி:

1. ஒரே ஒரு பாட்டை எடுங்க. உரையோடு பொருளைப் படிங்க.
2. சந்தத்தைக் கை தட்டிச் சொல்லிப் பழகுங்க.
3. பிறகு தாளம் இல்லாமல், மெதுவாக, வாய்விட்டுப் பாடுங்க.
4. கண்ணீர் வந்தால் துடைக்க வேண்டாம். வரலைன்னா வருத்தப்படவும் வேண்டாம். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் போங்க.

குரல் நல்லா இல்லையேன்னு தயங்காதீங்க. கேட்கப்போறவன் நம்ம முருகன்.

வேலும் மயிலும் துணை!