பழைய பாட்டு, புதிய பாட்டு: எது மனதில் நிற்கிறது?

வீட்டுக்கு வீடு இந்தப் பேச்சு உண்டு.

ரேடியோவில் ஒரு பழைய சினிமாப் பாட்டு வருகிறது. அப்பா கூடவே பாடுகிறார். ஒரு சொல் கூடத் தவறவில்லை. "இதுவல்லவா பாட்டு! இப்போது வருகிற பாட்டெல்லாம் ஒரு மாதம் கூட நிற்பதில்லை" என்கிறார். மகளுக்குக் கோபம் வருகிறது. "உங்கள் பாட்டைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வருகிறது. எங்கள் பாட்டு எங்களுக்கு மனப்பாடம்" என்கிறாள்.

இருவரில் யார் சொல்வது சரி? சண்டை போடாமல் யோசித்துப் பார்ப்போம்.

மூன்று நிமிடப் பாட்டு

நம் நாட்டில் முதன்முதலாக இசைத்தட்டுக்காகப் பாட்டு பதிவானது 1902-ஆம் ஆண்டில். இடம் கல்கத்தா. அப்போது பாடியவர்களில் பெயர் பெற்றவர் கௌஹர் ஜான் என்ற பெண்மணி.

அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு நிமிடத்தில் 78 முறை சுற்றும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாட முடியும். அதற்குள் பாட்டை முடித்தாக வேண்டும். ஆகவே பாட்டைச் சுருக்கமாகக் கட்டினார்கள். பல்லவி திரும்பத் திரும்ப வந்தது. கேட்டவர் மனதில் எளிதாக ஒட்டிக்கொண்டது.

1931-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி பம்பாயில் 'ஆலம் ஆரா' என்ற படம் வெளிவந்தது. இந்தியாவின் முதல் பேசும் படம் அதுதான். அதில் 7 பாட்டுகள் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. அதிலும் பாட்டுகள் உண்டு. அன்று முதல் இந்தியாவில் பாட்டும் படமும் பிரியாத இணை ஆயின.

படக் கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் வாங்கினால் போதும். அவர் படிக்க, பத்துப் பேர் கேட்டுப் பாடம் செய்துகொள்வார்கள்.

அன்று குப்பை, இன்று தங்கம்

1952-ஆம் ஆண்டில் ஒரு சம்பவம் நடந்தது. அப்போது பி.வி. கேஸ்கர் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சர் ஆனார். அவருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அது மட்டமானது, மேல்நாட்டு இசையின் நகல் என்று கருதினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறத்தாழ நின்றே போயிற்று.

மக்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிப் பக்கம் திருப்பினார்கள். அங்கே 1952 முதல் 'பினாக்கா கீத்மாலா' என்ற நிகழ்ச்சி வந்தது. நடத்தியவர் அமீன் சயானி. வாரம் ஒரு முறை, புதன்கிழமை, புகழ்பெற்ற இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தி ஒலிபரப்பினார். கடைசியில் அரசும் இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி 'விவித பாரதி' தொடங்கியது. சினிமாப் பாட்டு நம் வானொலிக்குத் திரும்பி வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1952-இல் மட்டம் என்று ஒதுக்கப்பட்ட பாட்டுகள் எவை? இன்று பொற்காலப் பாட்டுகள் என்று பெரியவர்கள் கொண்டாடுகிறார்களே, அவற்றில் பலவும் அந்தக் காலத்தவைதான்! ஆக, புதிய பாட்டைக் குறை சொல்வது புதிய பழக்கம் அல்ல. இன்றைய பழைய பாட்டும் ஒரு நாள் புதிய பாட்டாக இருந்து திட்டு வாங்கியதுதான்.

காலம் ஒரு முறம்

நெல்லைப் புடைக்கிறோம். பதர் பறந்து போகிறது. மணி முறத்தில் தங்குகிறது. தங்கிய மணியை மட்டும் பார்த்து, "இந்த வயலில் பதரே விளையவில்லை" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

பாட்டும் அப்படித்தான். 1932-இல் 'இந்திரசபா' என்ற இந்திப் படம் வந்தது. அதில் சுமார் 70 பாட்டுகள்! இன்று அவற்றை யார் பாடுகிறார்கள்? அந்தக் காலத்திலும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் வந்தன. பெரும்பாலானவை மறந்து போயின. நல்லவை சில நின்றன. அந்தச் சிலவற்றைத்தான் இன்று பழைய பாட்டு என்கிறோம். இன்றைய பாட்டுகளை இன்னும் யாரும் புடைக்கவில்லை. மணியும் பதரும் கலந்தே காதில் விழுகின்றன.

இளம் வயதின் ஈர மண்

இன்னொரு காரணமும் உண்டு. மனித நினைவை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். சுமார் 10 வயது முதல் 25 வயது வரை கேட்ட பாட்டுகள்தான் ஒருவருக்கு ஆழமாக நினைவில் நிற்கின்றன.

அது முதல் வேலை, முதல் கூலி, கல்யாணம், தோழிகள் என்று எல்லாம் புதிதாக நடக்கும் வயது. மனம் ஈர மண் போல இருக்கும். அப்போது பதியும் கால்தடம் காய்ந்த பிறகும் அழியாது. பாட்டைக் கேட்டால் அந்த நாட்களும் சேர்ந்து வருகின்றன. அப்பா கண் கலங்குவது பாட்டுக்காக மட்டும் அல்ல. தன் இருபது வயதுக்காகவும்தான். மகளுக்கும் இன்னும் முப்பது வருடம் கழித்து இதே நிலை வரும்.

அப்படியானால் அப்பா சொல்வது முழுவதும் தவறா?

இல்லை. அவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது.

2019-இல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் 600-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவை 1940 முதல் 2015 வரை அந்த நாட்டில் புகழ்பெற்ற பாட்டுகள். "இது தெரிந்த பாட்டா?" என்று கேட்டார்கள்.

1960 முதல் 1999 வரை வந்த பாட்டுகள் பலவற்றை அவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவற்றில் பல அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்தவை! 2000-க்குப் பின் வந்தவற்றில் கடைசியாக வந்தவை நன்றாகத் தெரிந்தன. ஆனால் சில வருடம் பழையதானதுமே அவற்றின் நினைவு வேகமாகத் தேய்ந்திருந்தது.

2012-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இன்னொரு வேலை செய்தார்கள். 1955 முதல் 2010 வரை வந்த நான்கரை லட்சத்துக்கும் அதிகமான மேல்நாட்டுப் பாட்டுகளைக் கணினியில் ஆராய்ந்தார்கள். காலம் போகப் போகப் பாட்டில் சத்தம் கூடியிருக்கிறது. ஒலியின் வகைகள் குறைந்து ஒன்று போல ஆகியிருக்கின்றன என்று கண்டார்கள்.

இவை மேல்நாட்டுப் பாட்டுகளைப் பற்றிய முடிவுகள். நம் நாட்டுப் பாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் யோசிக்க வைக்கின்றன.

ஊர் கேட்ட பாட்டும் ஒருவர் கேட்கும் பாட்டும்

பாட்டு மனதில் நிற்க, பாட்டு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எத்தனை முறை கேட்டோம், யாரோடு கேட்டோம், கூடப் பாடினோமா என்பதும் முக்கியம்.

முன்பு ஊருக்கு ஒரு ரேடியோ, இரண்டு ரேடியோ. டீக்கடையில் ஒரு பாட்டு போட்டால் தெருவே கேட்டது. கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி கட்டினால் பக்கத்து ஊரும் கேட்டது. பிடித்ததை மட்டும் கேட்க வழி இல்லை. வந்த பாட்டையே மாதக்கணக்கில் கேட்டார்கள். களை எடுக்கும்போதும் துணி துவைக்கும்போதும் தாங்களே பாடினார்கள்.

1980-களில் கேசட் மலிவானது. சின்னக் கடைகளிலும் கிடைத்தது. பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத வட்டார மொழிப் பாட்டு, கிராமியப் பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் கேசட்டில் வந்தன. அது நல்ல மாற்றம். இன்று கைப்பேசி வந்துவிட்டது. கோடிக்கணக்கான பாட்டுகள் கைக்குள் இருக்கின்றன. ஆனால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு பாட்டு கேட்கிறோம். பிடிக்காவிட்டால் பத்து நொடியில் தள்ளிவிடுகிறோம். ஒரே வீட்டில் நான்கு பேருக்கும் தெரிந்த புதிய பாட்டு எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

ஆகவே புதிய பாட்டு நிற்காமல் போனால் குற்றம் பாட்டின் மேல் மட்டும் இல்லை. நாம் கேட்கும் முறையும் மாறிவிட்டது.

யாரும் பதிவு செய்யாத பாட்டு

சினிமாப் பாட்டைப் பற்றி நாம் சண்டை போடலாம். எப்படியும் அவை இசைத்தட்டிலோ கைப்பேசியிலோ இருக்கும். வேறு வகைப் பாட்டுகள் இருக்கின்றன. அவை எங்கும் பதிவாகவில்லை. ஆட்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன.

மகாராஷ்டிரத்துக் கிராமங்களில் பெண்கள் விடியும் முன்பே எழுந்து திரிகையில் மாவு அரைப்பார்கள். அரைக்கும்போது தாங்களே பாட்டுக் கட்டிப் பாடுவார்கள். பிறந்த வீடு, மாமியார், பசி, மழை, பிள்ளை, சாமி என்று மனதில் இருப்பதெல்லாம் அந்தப் பாட்டில் வரும். பிறகு மாவு மில் வந்தது. கை வலி தீர்ந்தது. நல்லதுதான். ஆனால் திரிகை நின்றதும் பாட்டும் நின்றது.

ஹேமா ராய்ர்கர், கீ புவாத்வன் என்ற இரண்டு சமூக ஆய்வாளர்கள் 1980-களில் இதைக் கவனித்தார்கள். ஒரு குழுவோடு ஊர் ஊராகப் போனார்கள். பெண்களைப் பாடச் சொல்லி எழுதினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாட்டுகள் சேர்ந்தன! பாடியவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் மனமே புத்தகமாக இருந்தது.

தமிழ்நாட்டிலும் இப்படித்தான். ஏற்றம் இறைத்தபோது ஏற்றப்பாட்டு இருந்தது. பம்புசெட் வந்தது, ஏற்றப்பாட்டு போயிற்று. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி இவையும் குறைந்து வருகின்றன. பாட்டு தெரிந்த ஒரு பாட்டி இறந்தால், ஒரு பெட்டி நிறையப் புத்தகம் எரிந்த மாதிரி.

இப்போது உங்கள் கையில் எழுத்து இருக்கிறது. நினைவில் மட்டும் இருக்கும் பாட்டைக் காகிதத்தில் காப்பாற்ற உங்களால் முடியும்.

பாட்டு படிக்கவும் உதவும்

தெரிந்த பாட்டை எழுத்தில் பார்த்தால் படிப்பது எளிது. அடுத்து என்ன சொல் வரும் என்று மனதுக்கு முன்பே தெரியும். கண் அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

இதை வைத்தே ஒரு திட்டம் பிறந்தது. 1996-இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி என்பவர் இதைத் தொடங்கினார். டிவியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, அதே மொழியில் பாட்டின் வரிகளைத் திரையின் அடியில் காட்ட வேண்டும் என்றார். 1999-இல் குஜராத் தூர்தர்ஷனில் அப்படிக் காட்டினார்கள். பிறகு இந்திப் பாட்டு நிகழ்ச்சிகளிலும் வந்தது. பார்ப்பவர்கள் பாட்டுக் கேட்டபடியே படித்துப் பழகினார்கள். பழைய பாட்டா, புதிய பாட்டா என்பது இதற்கு முக்கியம் இல்லை. பிடித்த பாட்டாக இருந்தால் போதும்.

பேசிப் பாருங்கள்

1. உங்களுக்கு மனப்பாடமான பாட்டு எது? அதை எந்த வயதில் கேட்டீர்கள்? யாரோடு கேட்டீர்கள்?
2. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு உண்டா? எது?
3. உங்கள் ஊரில் முன்பு பாடி, இப்போது பாடாத பாட்டு எது? ஏன் நின்று போயிற்று?

செய்து பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் வயதான ஒருவரிடம் போங்கள். ஒரு தாலாட்டோ நடவுப் பாட்டோ பாடச் சொல்லுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதுங்கள். சொல்லைத் திருத்த வேண்டாம். கீழே அவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். பிறகு அவருக்கே படித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதை அவர் சொல்வார். அதையும் சேர்த்து எழுதுங்கள்.