மாரிகால வேலைக்குச் சிறு உழவு இயந்திரம்: தெரிவும் துணைக்கருவிகளும்

புரட்டாதி கழிந்து ஐப்பசி மழை தொடங்கியதும் வடக்கு, கிழக்கு மாகாணக் கமக்காரர் யாவருக்கும் ஒரே வேளையில் உழவு இயந்திரம் தேவைப்படுகின்றது. வாடகை இயந்திரத்துக்குக் காத்திருப்போர் முதல் மழையின் ஈரத்தை இழக்க நேரிடுகின்றது. அதனாற் சொந்தமாகச் சிறு இயந்திரம் ஒன்றை வாங்க விரும்புவோர் பலர். அவர்கள் முதலிற் கேட்பது, "எத்தனை குதிரைவலு?" என்பதாகும். ஆயின் முதலிற் கேட்க வேண்டியது அதுவன்று. எவ்வகை நிலத்தில், எந்த வேலையை, எத்தனை ஏக்கரிற் செய்யப் போகின்றோம் என்பதே முதற் கேள்வி. கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டுத் துணைக்கருவிகளைப் பின்னர் பார்க்கலாம் என விடுபவர், மாரியில் நடுவயலிற் புதைந்து நிற்க நேரும்.

வாங்குவதா, வாடகைக்கு அமர்த்துவதா?

இயந்திரம் கொட்டிலிற் சும்மா நின்றாலும் செலவு வைக்கும். இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். இயந்திரத்தினதும் துணைக்கருவிகளினதும் விலை 100 பங்கு என்க. 10 ஆண்டு உழைத்தபின் 10 பங்குக்கு விற்கலாம் எனின், ஆண்டொன்றுக்குத் தேய்மானம் 9 பங்கு. அக்காலத்திற் சராசரியாக முடங்கிக் கிடக்கும் முதல் 55 பங்கு. அதற்கு 12 சதவீத வட்டி ஏறக்குறைய 7 பங்கு. திருத்த வேலைகளுக்கு 4 பங்கு. ஆக 20 பங்கு; அதாவது விலையில் ஐந்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் கழிகின்றது. எரிபொருளும் ஓட்டுநர் கூலியும் இதற்குப் புறம்பானவை.

நீங்கள் இரு போகங்களிலும் இப்போது செலுத்தும் வாடகையிலிருந்து எரிபொருளையும் கூலியையும் நீக்குங்கள். மிஞ்சுவதோடு, அயலவரின் வயலை உழுது உறுதியாகப் பெறக்கூடிய ஊதியத்தையும் சேருங்கள். அத்தொகை மேற்கூறிய ஐந்தில் ஒரு பங்கை எட்டாவிடின் கடன்பட்டு வாங்குதல் தகாது. இரண்டு மூன்று கமக்காரர் கூடி வாங்குதல் நன்று. அவ்வாறு வாங்குவோர், எவர் வயல் முதலில் உழப்படும் என்பதை மழைக்கு முன்னரே எழுதி ஒப்பமிட்டுக்கொள்க. முதல் மழை விழுந்தபின் அதனைப் பேசித் தீர்ப்பது அரிது.

இரு சில்லா, நான்கு சில்லா?

இருசில்லு உழவு இயந்திரத்தை நம்மவர் இன்றும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைப்பர். முன்னாளிற் பிரித்தானியாவிலிருந்து வந்த ஒரு வகையின் பெயர் பொதுப்பெயராய் நிலைத்துவிட்டது. இது பெரும்பாலும் 7 முதல் 14 குதிரைவலு உடையது. சிறிய வயற்றுண்டுகளுக்கும், மெல்லிய வரம்புகளுக்கும், ஒடுங்கிய பாதைகளுக்கும் ஏற்றது. 20 முதல் 30 குதிரைவலுவுள்ள சிறிய நான்கு சில்லு இயந்திரமோ ஒரு தொன் அளவினதாயும் அதற்கு மேற்பட்டதாயும் இருக்கும். பாரம் மிகுந்தால் அடிமண் இறுகும். சேற்றிற் புதைவதும் எளிது.

எனினும் நடையின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீற்றர். 60 சென்ரிமீற்றர் அகலம் உழும் இருசில்லு இயந்திரத்தின் பின்னே ஒருவர் ஓர் ஏக்கரை ஒருமுறை உழுவதற்கு ஏறக்குறைய 6.7 கிலோமீற்றர் சேற்றில் நடக்க வேண்டும். மணிக்கு 2.5 கிலோமீற்றர் வேகத்தில், திரும்பும் நேரம் நீங்கலாக, அதற்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். 1.2 மீற்றர் அகலக் கலப்பையுள்ள நான்கு சில்லு இயந்திரத்துக்கு அத்தூரம் பாதியாகும். ஓட்டுபவர் இருந்தே வேலை செய்வார். இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு இருசில்லு போதும். பரந்த நிலமும், உறுதியான அடித்தளமும், இயந்திரம் இறங்கத்தக்க பாதையும் உடையவர் நான்கு சில்லு இயந்திரத்தை எண்ணலாம்.

நிலத்தைச் சோதித்தல்

நன்கு பழகிய வயலில் உழவுப் படைக்குக் கீழே இறுகிய தளம் ஒன்று உண்டு. அதுவே நீரைக் காப்பது, இயந்திரத்தையும் தாங்குவது. சென்ற மாரியில் வயலிற் கால் எவ்வளவு புதைந்தது என்பதை நினைவு கூர்க. இரும்புக் கம்பி ஒன்றை ஈரவயலிற் பல இடங்களிற் குத்தி, அது தடைப்படும் ஆழத்தை அளந்து கொள்க. முழங்கால் வரை புதையும் வயலில் நான்கு சில்லு இயந்திரத்தை இறக்கலாகாது.

வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் மேட்டிலுள்ள செங்கபில மண் காய்ந்தாற் கல்லாகும். மிக நனைந்தாற் பசையாகும். உழத்தக்க ஈரம் சில நாட்களே நிற்கும். மரக்கறி நிலத்தை உழுமுன் ஒரு பிடி மண்ணைக் கையில் அமுக்கிப் பெருவிரலால் தட்டிப் பார்க்க. உதிர்ந்தால் உழலாம், களிபோல் ஒட்டினாற் பொறுத்திருக்க வேண்டும்.

துணைக்கருவிகளை வாங்கும் ஒழுங்கு

1. இரும்புச் சில்லு: கூட்டைப்போல் அகலமாகச் செய்த இச்சில்லு, பாரத்தைச் சேற்றிற் பரப்பிச் சறுக்கலைக் குறைக்கும். நெற்செய்கையாளர் முதலில் வாங்க வேண்டியது இதுவே. இதனைப் பூட்டித் தார்வீதியில் ஓட்டலாகாது; வீதியும் கெடும், சில்லும் வளையும்.

2. கலப்பை: ரொட்டவேற்றர் எனப்படும் சுழற்கலப்பை சேற்றுழவுக்கு விரைவானது. ஆயின் எப்போதும் அதனையே பாவித்தால் உழவு மேலோட்டமாகும். அறுகு போன்றவற்றின் தண்டுகள் துண்டாகி, ஒவ்வொரு துண்டும் முளைக்கும். ஆதலின் முதலுழவைப் புரட்டும் கலப்பையால் 15 சென்ரிமீற்றருக்குக் குறையாத ஆழத்திற் செய்து, களைகள் அழுக ஏறக்குறைய இரண்டு வாரம் விட்டு, இரண்டாவது உழவுக்குச் சுழற்கலப்பையைப் பூட்டுதல் சிறந்தது.

3. மட்டப் பலகை: மேடுபள்ளமுள்ள வயலில் மேட்டிற் களையும் பள்ளத்தில் அழுகலும் காணப்படும். விலை குறைந்த இக்கருவியின் பயன் பெரிது.

4. சால் திறக்கும் கலப்பை: மாரியில் மிளகாய், கத்தரி செய்வோருக்கு உயர்ந்த பாத்தியும் வடிகாலும் இன்றியமையாதவை. மண்வெட்டியாற் பல நாள் செய்யும் வேலையை இது விரைவில் முடிக்கும்.

5. இழுவைப் பெட்டி: பசளை, விதை, விளைபொருள் ஏற்ற உதவும். தடுப்பும் பின்விளக்கும் இல்லாத பெட்டியை வாங்கலாகாது.

விலை பேசும்போது இவற்றுள் முதல் மூன்றையும் சேர்த்தே பேசுக. பட்டி, வடிகட்டி, கலப்பை அலகு ஆகியன அருகிலுள்ள நகரத்திற் கிடைக்குமா எனவும் விசாரிக்க. மகா இலுப்பள்ளமவிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் பண்ணை இயந்திரமயமாக்கல் ஆராய்ச்சி நிலையம் இயந்திரங்களைச் சோதிக்கின்றது. வாங்கப்போகும் வகைக்குச் சோதனை அறிக்கை உண்டா என விற்பனையாளரிடம் கேட்பது வாங்குபவரின் உரிமை.

உயிருக்கு ஊறு வராமை

இருசில்லு இயந்திரத்தில் ஒரு முக்கியமான இயல்பு உண்டு. சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். பாரத்துடன் சரிவில் இறங்கும்போது அதே கிளச்சைப் பிடித்தால் அது வலப்பக்கம் திரும்பக்கூடும். விடுபட்ட இடச்சில்லு விரைந்து உருள, இயந்திரத்தோடு பொருந்திய வலச்சில்லு தடுக்கப்படுவதே காரணம். இதனை அறியாத இளைஞர் ஒருவர் நெல்மூடைகளுடன் குளக்கட்டிலிருந்து இறங்கியபோது இயந்திரம் எதிர்ப்பக்கம் திரும்பி வாய்க்காலுட் சாய்ந்தது. கால் முறிவுடன் உயிர் தப்பினார். அடுத்த போகத்தில் அவருடைய வயலை அயலவரே விதைத்துக் கொடுத்தனர். சரிவில் திருப்பும் கிளச்சைத் தொடாது, இறங்குமுன்னரே தாழ்ந்த கியருக்கு மாற்றி, கைபிடியாலேயே நடத்துக.

பின்னோக்கி எடுக்கும்போது சுழற்கலப்பை சுழலலாகாது. சாரம் உடுத்துப் பட்டி ஓடும் பக்கத்தில் நிற்றல் ஆபத்து, கால்சட்டையே தக்கது. வரம்பை நேர்குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தாற் புரளும். உயர்ந்த வரம்புக்குப் பலகை இடுக. நான்கு சில்லு இயந்திரத்திற் புரள்காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டியும் இருத்தல் வேண்டும். அது புதைந்துவிட்டால் பின்சில்லில் மரக்குற்றி கட்டி எழுப்ப முயலாதீர். சில்லு சுழல இயலாதபோது இயந்திரமே முன்பக்கம் எழுந்து ஓட்டுபவர்மேற் கவிழும். மூடிய கொட்டிலினுள் இயந்திரத்தை இயக்கி வைத்தலும் ஆகாது; அதன் புகை உயிர்கொல்லி.

மாரியிற் பராமரிப்பு

நாள்தோறும் வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, அச்சிற் சுற்றிய வைக்கோலையும் புல்லையும் வெட்டி நீக்குக. கியர் எண்ணெயைச் சோதிக்கும்போது அது பால் நிறமாயின் நீர் புகுந்துள்ளது; உடனே காப்பு வளையத்தையும் எண்ணெயையும் மாற்ற வேண்டும். எரிபொருள் தாங்கியின் அடியிற் சேரும் நீரை வடித்து விடுக. தளர்ந்த ஆணிகளை ஒவ்வொரு காலையும் இறுக்குக.

இயந்திரம் வாங்கும் எண்ணமுடையோர் ஆவணி மாதத்திலேயே தமது நிலத்தை அளந்து, மேற்கூறிய கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு, அப்பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடுக. பணம் கொடுக்குமுன் இயந்திரத்தைச் சொந்த வயலில், வீட்டில் அதனை ஓட்டப்போகும் ஆளின் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். காட்சிச்சாலையின் சீமெந்துத் தரையில் எல்லா இயந்திரமும் நன்றாகவே ஓடும். மாரிச் சேற்றில் ஓடுவதே கமக்காரருக்கு உரியது.