நுரையும் நாவும் அளவுகோலும்

"மாவு புளித்துவிட்டதா?" என்று கேட்காத தமிழ் இல்லம் இல்லை. இட்லி மாவு, மோர், பழைய சோறு ஆகிய மூன்றும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களின் உழைப்பால் ஆவன. பாளைச்சாறு கள்ளாவதும், முளைகட்டிய பார்லியின் சாறு பியராவதும் அதே உழைப்பின் வேறு வடிவங்களே. இதனை நொதித்தல் என்பர். நொதித்தல் எந்நிலையில் உள்ளது, எப்போது முடிந்தது, சுவை நல்வழியில் செல்கிறதா, கெடுகிறதா என்பவற்றை அறிவது எங்ஙனம்? அதனை ஈண்டுக் காண்போம்.

முதலில் நமக்கு அருகிலுள்ள சான்று. கோவண்டியிலிருந்து ரயிலேறிச் செல்லும் நண்பர்கள் நீரா என்ற பெயரைக் கேட்டிருக்கலாம். மும்பைப் புறநகர் ரயில் நிலையங்களில் அது விற்கப்பட்டு வந்திருக்கிறது. நம் பதநீருக்கு நெருங்கிய உறவு அது. மரத்தினின்று சொட்டும்போது பாளைச்சாறு புளிப்போ காரமோ இன்றி நடுநிலையில் இருக்கும். நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உடையது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதிற் சேர்ந்தவுடன் வேலை தொடங்கிவிடும். வெப்பமான நாளில் சில மணி நேரத்தில் நுரை எழும். ஒரு நாளில் 4, 5 சதவீதம் ஆல்கஹால் உண்டாகும். சில நாட்களிற் காடியாகிவிடும். இதனைத் தடுக்கவே பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகின்றனர். சுண்ணாம்பின் காரத்தில் நுண்ணுயிர்கள் பெருக இயலா. நீராவைக் குளிரில் வைப்பது அவற்றின் வேலையைத் தாமதப்படுத்துமே ஒழிய, நிறுத்திவிடாது.

நுரை சொல்லும் சாட்சி

ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கிறது. அவ்வாயுவே நுரையாக எழுகிறது. ஆகவே நுரை எழுந்தால் வேலை தொடங்கியது என்பது உறுதி. ஆனால் நுரை அடங்கினால் வேலை முடிந்தது என்று கொள்ளலாகாது. பியர்ச் சாற்றில் முதல் இரண்டு மூன்று நாட்கள் நுரை பொங்கும், பின்னர் அடங்கும். எஞ்சிய சர்க்கரையை ஈஸ்ட் அதன் பின்னரும் மெல்லத் தின்றுகொண்டிருக்கும். இதற்கு மாறாக, வேலை முழுதும் முடிந்த பின்பும், அறையின் வெப்பம் ஏறினால், கரைந்திருந்த வாயு வெளிப்பட்டுக் குமிழி காட்டும். ஆகவே குமிழி இரு வகையிலும் பொய் சொல்லக்கூடும். அதனை நம்பி அவசரப்பட்டுப் புட்டியில் அடைத்து இறுக மூடினால், உள்ளே வாயு பெருகிப் புட்டி வெடிக்கும். கண்ணாடிச் சில்லுகள் கண்ணையும் கையையும் பதம் பார்க்கும்.

மூக்கும் நாவும்

இவை நுரையினும் நல்ல சாட்சிகள். இனிப்புக் குறைவது சர்க்கரை தீர்வதைக் காட்டும். நொதித்தலின் நடுவில் தோன்றும் சில மணங்கள் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பச்சை ஆப்பிளின் மணமும் வெண்ணெய் மணமும் வேலை முற்றுப்பெறாமைக்கு அடையாளம். ஈஸ்டுக்குச் சில நாள் அவகாசம் அளித்தால், அவற்றுக்குக் காரணமான பொருள்களை அதுவே திரும்ப உட்கொண்டுவிடும். அழுகிய முட்டை போன்ற நாற்றமும் பெரும்பாலும் வாயுவுடன் வெளியேறிவிடும்.

மீளாக் குறைகளும் உள. காடியின் மணம் எழுந்தால், காற்றுப் புகுந்து அசெடிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டன என்று பொருள், அது திரும்பாது. வண்ணப்பூச்சில் கலக்கும் எண்ணெயைப் போன்ற நெடி, மிகு வெப்பத்தில் நொதித்ததன் விளைவு. பியர் வகைகளுட் பலவற்றுக்கு 18 முதல் 22 டிகிரி வெப்பம் ஏற்றது. மும்பையின் அறைகளோ ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேலேயே இருக்கும்.

பாஸ்டர் 1876-இல் பியரைப் பற்றித் தனி நூல் எழுதினார். நல்ல ஈஸ்டுடன் வேற்று நுண்ணுயிர்கள் கலப்பதே பியர் கெடுவதற்குக் காரணம் என விளக்கினார்.

அளவுகோல்

பாலில் நீர் கலந்ததா என அறிய லாக்டாமீட்டரை மிதக்கவிடுவதை நாம் அறிவோம். அதன் இனமே ஹைட்ராமீட்டர். சர்க்கரை மிகுந்தால் சாறு அடர்த்தியாகும். கருவி உயர்ந்து மிதக்கும். சர்க்கரை தீரத் தீரக் கருவி தாழும். நூற்றுக்கு 12 பங்கு கரைபொருள் உள்ள பியர்ச் சாறு தொடக்கத்தில் 1.048 காட்டும். முடிவில் 1.010 அளவில் நிற்கலாம். இடையிலுள்ள 0.038-ஐ 131-ஆற் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம் எனக் கிடைக்கும்.

அளக்கும்போது இரண்டில் கவனம் வேண்டும். ஒட்டிய குமிழிகள் கருவியைத் தூக்கிவிடும். ஆதலால் சாற்றைக் கலக்கி வாயுவைப் போக்கிவிட வேண்டும். 20 டிகிரிக்கென அமைந்த கருவி 30 டிகிரியில் சுமார் 0.0025 குறைத்துக் காட்டும். அதனைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, எதிர்பார்த்த நிலையில் ஒரே எண் வந்தால், நொதித்தல் முடிந்தது எனலாம். ஒருமுறை அளந்தது செய்தி. இருமுறை அளந்தது தீர்ப்பு.

செய்து பார்க்கலாமா?

இங்கிலாந்தில் 1963 முதல், தன் இல்லத் தேவைக்குப் பியர் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்திலோ 1949-இல் இயற்றிய மதுவிலக்குச் சட்டத்தின்படி, உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். ஆதலால் விடுதி அறையில் இதனை முயலற்க. பயிற்சிக்கு இட்லி மாவே போதும். நேரான கண்ணாடிக் குவளையில் மாவை ஊற்றி, மட்டத்தில் நூல் கட்டி, இரண்டு மணிக்கொரு முறை உயரத்தையும் மணத்தையும் வெப்பத்தையும் குறித்து வைக்கவும். கோடையிலும் மழைக்காலத்திலும் செய்து இரு குறிப்புகளையும் ஒப்பிட்டால், வெப்பம் நுண்ணுயிரை எவ்வாறு ஆள்கிறது என்பது விளங்கும்.

கருவியின் எல்லை

இறுதியாக, சமூகத் தொண்டை நாடும் மாணவர் மறவாதிருக்க வேண்டிய ஒன்று உண்டு. 2015 ஜூனில் மும்பை மால்வணியில் 100-க்கும் மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரும் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். அது நொதித்தலின் பிழையால் விளைந்ததன்று. கலந்திருந்தது மெத்தனால் என்னும் நஞ்சு. மணத்திலும் சுவையிலும் அது சாதாரண ஆல்கஹாலை ஒத்தது. அடர்த்தியும் இரண்டிற்கும் ஏறக்குறைய 0.79. ஆகவே நாவும் அதனைக் காட்டிக்கொடாது, ஹைட்ராமீட்டரும் காட்டிக்கொடாது. ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே காட்டும். குடித்துப் பல மணி நேரம் கழித்தே பார்வை மங்கத் தொடங்கும். அந்நிலையில் "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று சுற்றத்தார் காத்திருப்பதே பல உயிர்களைக் குடிக்கிறது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இச்செய்தியை நம் மக்கள் வாழும் குடிசைப் பகுதிகளில் எடுத்துரைத்தல் நம் கடமை.

நுரை தொடக்கத்தைச் சொல்லும்; நாவு போக்கைச் சொல்லும்; அளவுகோல் முடிவைச் சொல்லும். மூன்றும் சொல்ல இயலாதது ஒன்று உண்டு என்பதை அறிந்தவனே இக்கல்வியை முழுதும் கற்றவன்.